சேர்க்கையும் சேர்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய அவையில் கல்லூரிச் சேர்க்கை பேசுபொருளாவது சிலருக்கு வியப்பைத் தரலாம். விண்ணப்பப் படிவம், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், கலந்தாய்வு ஆகிய சொற்கள் பாட்டில் எளிதாக வந்து அமர்வன அல்ல. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரு பெண் கொடுத்த கல்லூரி விண்ணப்பம் எதிர்ப்பை எழுப்பியது. அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதன் பயன், பின்னாளில் தமிழகத்தின் சட்டத்திலும் மருத்துவத்திலும் பெண்களின் வாழ்விலும் விளைந்தது. அந்த வரலாற்றை நினைவுகூர்வதும், அதன் ஒளியில் இன்றைய அரசுக் கல்லூரியின் முதலாண்டு மாணவரைக் காண்பதுமே இவ்வுரையின் நோக்கம்.

சேர்க்கை என்பது நிறுவனம் செய்யும் செயல். ஓர் ஆணையால் ஒரே நாளில் அது முடிந்துவிடும். சேர்தல் என்பது, மாணவர் அந்த இடத்தைத் தமக்கும் உரியதாக உணர்வது. அதற்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். அதைச் செய்விப்பவர்கள் உடனிருக்கும் மனிதர்கள். முதலாவது கிடைத்தும் இரண்டாவது கிடைக்காமல் திரும்பிப் போனவர் பலர். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து பார்ப்பதற்குப் புதுக்கோட்டையைப் போலப் பொருத்தமான ஊர் அரிது.

சமஸ்தானமும் கல்லூரியும்

புதுக்கோட்டை, 1948 மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்குட்பட்ட தனிச் சமஸ்தானமாக இருந்தது. அங்கே 1857இல் இலவசப் பள்ளியாகத் தொடங்கப்பெற்ற நிறுவனம், 1880இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. திவான் சேஷையா சாஸ்திரியாரின் நிருவாகக் காலம் அது. மன்னர் கல்லூரி என்று ஊரார் இன்றும் அழைக்கும் அந்தக் கல்லூரி, சமஸ்தானத்தின் பொதுப்பணத்தில் நடந்த சிறு கல்லூரி. சென்னையிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருந்த பெருங்கல்லூரிகளோடு ஒப்பிட அதனிடம் மாணவர் கூட்டமும் இல்லை, துறைகளின் பெருக்கமும் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் வீட்டுச் சோற்றை உண்டு படிப்பதற்கு அது இடம் தந்தது. திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி படித்ததும் அக்கல்லூரியிலேதான்.

சிறு கல்லூரியின் பெருமை இவ்வளவே: தொலைவு காரணமாகவோ செலவு காரணமாகவோ படிப்பே இல்லாது போயிருக்கக்கூடிய ஒருவருக்கு அது அருகில் இருக்கிறது. ஆயினும் அருகில் இருப்பதனாலேயே ஓர் இடையூறும் உண்டு. சிற்றூரில் விண்ணப்பிப்பவர் யார், அவர் எந்த வீட்டார், அவருடைய தாய் யார் என்பது அனைவருக்கும் தெரியும். பெருநகரம் கேளாமல் விட்டுவிடக்கூடிய கேள்விகளை அது விடாமல் கேட்கும்.

ஒரு விண்ணப்பம்

முத்துலெட்சுமி 1886 சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மேற்சொன்ன கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். தந்தையின் குலம் ஒன்று, தாயின் குலம் வேறு. ஊரின் கணக்கில் குழந்தைகள் தாயின் பக்கமே எழுதப்பட்டார்கள்.

சிறுவர்களோடு பள்ளியில் அமர்ந்து படித்த அச்சிறுமி, வயது வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டார். அக்காலத்தில் அது வியப்புக்குரிய செய்தியன்று. வியப்பு அதன் பின்னர் நிகழ்ந்தது. வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது, தந்தையே ஆசிரியரானார். தாய் திருமணத்தைப் பற்றிச் சிந்தித்தார்; மகளோ படிப்பைப் பற்றிச் சிந்தித்தார். 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் முத்துலெட்சுமி தேறினார். தேர்வுத்தாளைத் திருத்தியவருக்கு எழுதியவரின் தாய் யார் என்று தெரியாது. அதனால் அந்த வாயில் எளிதாகத் திறந்தது. கல்லூரி வாயில் அவ்வாறு திறக்கவில்லை.

மன்னர் கல்லூரியில் சேர அவர் கொடுத்த விண்ணப்பத்தை அன்றைய முதல்வர் விரும்பி ஏற்கவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. விண்ணப்பித்தவர் பெண் என்பது ஒன்று. அவருடைய பிறப்புப் பின்னணி மற்றொன்று. அவர் வகுப்பில் அமர்ந்தால் ஆண் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று ஊரில் ஒரு சாரார் கருதினர். இளம்பெண்ணின் நான்கைந்து புத்தகங்களால் ஒரு கல்லூரியின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் அஞ்சிய காலம் அது.

முடிவு மன்னரிடமிருந்து வந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தார், உதவித்தொகையும் அளித்தார். இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வருபவர் எதை உண்பார், எதைக் கொண்டு புத்தகம் வாங்குவார் என்று கேளாமல் விடுவது பாதி உதவி. மன்னர் பாதியோடு நிறுத்தவில்லை.

ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியதாகப் புறநானூற்றில் 183ஆம் பாட்டு உள்ளது. பிறப்பால் கீழோர் எனப்பட்டவருள் ஒருவன் கற்பானாயின் மேலோர் எனப்பட்டவனும் அவன்பால் சென்று வழிபடுவான் என்ற கருத்தை அப்பாட்டு சொல்கிறது. மன்னன் ஒருவனே அதைப் பாடினான் என்பது தமிழருக்குப் பெருமை. ஆனால் அவ்வாறு கற்க வருபவனை யார் உள்ளே விடுவது என்ற கேள்வியை அப்பாட்டு எழுப்பவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, வேறொரு மன்னனின் ஊரில், ஒரு விண்ணப்பம் அதை எழுப்பியது.

மூடிய வண்டி

சேர்க்கை முடிந்தது. சேர்தல் எவ்வாறு இருந்தது?

முத்துலெட்சுமி கல்லூரிக்கு மூடிய வண்டியில் சென்று வந்தார். ஆடவர் நிறைந்த கல்லூரியில் ஒரே பெண்ணாக, மற்றவரிடமிருந்து பிரித்துத் தனியே அமர வைக்கப்பட்டார். பாடம் அவர் காதில் விழுந்தது. தேர்வு எழுதும் உரிமை இருந்தது. ஆனால் ஐயம் ஒன்று எழுந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வழியில்லை. வகுப்பு முடிந்தபின் மரத்தடியில் நின்று பேசுவதற்கும், தெரியாததைத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வதற்கும் தோழமை வேண்டும். கல்லூரிக் கல்வியில் பாதி அத்தோழமையில் நடப்பது. அந்தப் பாதி அவருக்கு மறுக்கப்பட்டது.

மன்னரின் ஆணை எவ்வளவு உயர்ந்ததாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 'இவரைச் சேர்த்துக்கொள்க' என்று ஆணையிடலாம். 'இவரோடு இயல்பாகப் பழகுக' என்று ஆணையிட்டால் அதை நிறைவேற்றுவார் யார்? அந்த எல்லைக்கு அப்பால் உள்ள நிலம் முழுவதும் ஆசிரியர்களுக்கும் உடன்படிக்கும் மாணவர்களுக்கும் ஊராருக்கும் உரியது.

அவர் அதைத் தாண்டினார். மகள் பள்ளி ஆசிரியை ஆகலாம் என்று தந்தை எண்ணினார். மகளின் எண்ணம் அதனினும் தொலைவு சென்றது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்று, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அம்மன்றத்தின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாயின் மரபைக் காட்டித் தமக்குக் கல்லூரி மறுக்கப்பட இருந்ததை அவர் மறக்கவில்லை. கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மன்றத்தின் உள்ளும் புறமும் போராடினார். அப்போராட்டத்தின் நிறைவாக 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதும் அவருடைய முயற்சியால் விளைந்ததே. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 சூலை 22இல் மறைந்தார்.

இவ்வளவையும் அடுக்கிச் சொல்லும்போது ஓர் ஆபத்து உண்டு. தடைகள் இருந்தாலும் திறமையுள்ளவர் வென்றுவிடுவார், ஆகவே தடைகளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்ற முடிவுக்கு மனம் தாவிவிடும். அது பிழையான முடிவு. முத்துலெட்சுமிக்குக் கல்லூரி முதல்வராக இருந்த தந்தை வாய்த்தார். வீட்டில் புத்தகம் இருந்தது. மன்னரின் உதவித்தொகை கிடைத்தது. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத எத்தனையோ சிறுமியர் அதே ஊரில், அதே தெருவில் இருந்திருப்பார்கள். அவர்கள் விண்ணப்பமே எழுதவில்லை. எழுதப்படாத விண்ணப்பங்களுக்கு வரலாறு இல்லை.

கதவைத் தட்டியவர்கள்

முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையில் இவ்வுரைக்கு மிகவும் வேண்டிய நிகழ்ச்சி 1930இல் நடந்தது. தேவதாசி மரபிலிருந்து தப்பிப் படிக்க விரும்பிய இளம்பெண்கள் சிலர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைத் தங்கவைத்துக்கொள்ள விடுதிகளில் இடம் கேட்டபோது, பிறப்பைக் காட்டி இடம் மறுக்கப்பட்டது. புதுக்கோட்டையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன் எழுந்த அதே சொல், சென்னையில் மீண்டும் எழுந்தது.

அன்று அவர் எந்த மன்னருக்கும் மனு எழுதவில்லை. தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அந்த இடமே ஔவை இல்லம் ஆயிற்று. ஆதரவற்ற பெண்கள் தங்கிப் படிக்கும் இல்லத்திற்கு அவர் ஒரு கவிஞரின் பெயரைச் சூட்டினார். இந்த அவையில் இருப்போர் அதை மனத்தில் கொள்ளத்தக்கது. அதியமானின் அவையிலும் பாணரின் குடிசையிலும் ஒருசேர அமர்ந்திருக்கக்கூடிய பெண்ணாகத் தமிழ் மரபு ஔவையைக் காட்டுகிறது. எங்கும் இடமுள்ள ஒருத்தியின் பெயரை, எங்கும் இடமில்லாத பெண்களின் இல்லத்திற்கு வைத்தார் அம்மையார்.

தமக்குக் கிடைத்த சேர்க்கையைப் பிறருக்குச் சேர்தலாக மாற்றிக் கொடுத்தார் என்று இதனைச் சொல்லலாம். விடுதி, உணவு, உடனிருக்கும் தோழியர், கேட்டால் மறுமொழி சொல்லும் மூத்தவர் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. மூடிய வண்டியில் தனியே சென்று வந்தவருக்கு அவற்றின் அருமை தெரிந்திருந்தது.

மிதிவண்டி

புதுக்கோட்டை 1974 சனவரி 14இல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1969இல், அந்நகரில் பெண்களுக்கென அரசுக் கலைக்கல்லூரி தோன்றிவிட்டது. ஒரு பெண் தனித்து அமர்ந்திருந்த ஊரில் ஒரு கல்லூரி முழுவதும் பெண்கள் அமர்ந்தார்கள். ஆயினும் சிற்றூர்களில் கையெழுத்திடத் தெரியாத தாய்மார்கள் மிகுதியாகவே இருந்தனர்.

1991இல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் இரவில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டதே அம்மாவட்டத்து இயக்கத்தின் தனிச்சிறப்பு. பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஏறினர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாற்றத்தை எழுதி இந்தியா முழுவதும் அறியச் செய்தார். இயக்கத் தொண்டரான முத்து பாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாட்டு ஊர்தோறும் பாடப்பட்டது. கவிதை மேடையை விட்டு இறங்கி மண்சாலையில் ஒரு பெண்ணின் அச்சத்தைப் போக்கிய நாள்கள் அவை.

மூடிய வண்டிக்கும் மிதிவண்டிக்கும் இடையில் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள். முன்னதில் பெண் பிறரால் கொண்டு செல்லப்பட்டாள். பிறர் கண்ணில் படாமல் கொண்டு செல்லப்பட்டாள். பின்னதில் தானே சென்றாள்; ஊர் பார்க்கச் சென்றாள். அன்று மிதிவண்டி கற்ற தாய்மார்களின் மக்களும் பேரமக்களும் பின்னர்க் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயதை அடைந்தார்கள்.

இன்றைய விண்ணப்பம்

மாவட்டத்தில் இன்று அரசுக் கல்லூரிகள் தலைநகரோடு நின்றுவிடவில்லை. அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி, திருமயம் ஆகிய ஊர்களிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் உள்ளன. 2017இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மருத்துவம் படிக்க முத்துலெட்சுமி சென்னைக்குப் போக வேண்டியிருந்த ஊர் அது.

விண்ணப்பமும் மாறிவிட்டது. 2020 முதல் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் இணையவழியில் பெறப்படுகிறது. 2024ஆம் ஆண்டுச் சேர்க்கையில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயுமாக இருந்தது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பதிவுக் கட்டணமாகிய 2 ரூபாய் மட்டும் செலுத்தினால் போதுமானதாக இருந்தது. தமிழ் இலக்கியம் படிக்க விரும்புவோருக்குத் தமிழ்ப்பாட மதிப்பெண்ணைக் கொண்டும், ஆங்கில இலக்கியத்திற்கு ஆங்கில மதிப்பெண்ணைக் கொண்டும், பிற பாடங்களுக்கு மொழிப்பாடம் நீங்கிய நான்கு பாடங்களின் மதிப்பெண்ணைக் கொண்டும் தரவரிசை அமைகிறது. மொத்த இடங்களில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்கீழ் நிரப்பப்படுகிறது.

இந்த விவரங்களை இலக்கிய மேடையில் சொல்லக் காரணம் உண்டு. முத்துலெட்சுமியின் விண்ணப்பத்தில் அவரை வெளியே நிறுத்தப் பயன்பட்ட கேள்வி, இன்றைய விண்ணப்பத்தில் வேறு பணியைச் செய்கிறது. 'எந்த வகுப்பைச் சார்ந்தவர்?' என்ற கேள்வி அன்று கதவை அடைப்பதற்குக் கேட்கப்பட்டது. இன்று கதவைத் திறப்பதற்குக் கேட்கப்படுகிறது. அந்த மாற்றம் தானாக வந்ததன்று. ஒரு நூற்றாண்டுப் போராட்டம் அந்தக் கட்டத்தின் பொருளைத் திருப்பி எழுதியது.

மற்றொரு மாற்றமும் நினைவில் நிறுத்தத்தக்கது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், முத்துலெட்சுமி அம்மையாரோடு ஒரே காலத்தில் அதே பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தவர். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தை எழுதியவர். ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவும் அரசுத் திட்டம் ஒன்று 1989இல் அவர் பெயரால் தொடங்கப்பெற்றது. அத்திட்டமே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5இல் 'புதுமைப் பெண்' என்ற பெயரோடு நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவியருக்குக் கல்லூரிக் காலத்தில் மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்குவது அத்திட்டம். மாணவர்களுக்கென 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. திருமணமா, படிப்பா என்று சந்திரம்மாளின் வீட்டில் எழுந்த கேள்விக்கு, ஒரே அம்மையாரின் பெயர் தாங்கிய திட்டம் முதலில் ஒரு விடையையும் பின்னர் மறு விடையையும் சொன்னது. முத்துலெட்சுமி அம்மையாரின் பெயரோ ஏழைத் தாய்மாரின் மகப்பேற்று உதவித் திட்டத்திற்குச் சூட்டப்பட்டது.

முதல் பருவம்

இவ்வளவும் சேர்க்கையைச் சார்ந்தவை. சேர்தலின் கதை சூன், சூலையில் வகுப்பு தொடங்கும் முதல் நாளில்தான் பிறக்கிறது.

கந்தர்வகோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவியை எண்ணிப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை இயற்பியலைத் தமிழில் படித்தவர். கல்லூரியில் அதே இயற்பியல் ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. விசையும் உந்தமும் முடுக்கமும் அவருக்கு நன்கு தெரிந்தவை. ஆனால் அவற்றின் புதிய பெயர்களைக் கேட்டதும் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று நம்பத் தொடங்குகிறார். அறியாமை வேறு, பெயர் தெரியாமை வேறு என்று எடுத்துச் சொல்ல அந்த முதல் மாதத்தில் யாரேனும் ஒருவர் வேண்டும்.

வகுப்பு முற்பகல் சுழற்சியா, பிற்பகல் சுழற்சியா என்பதைப் பொறுத்து ஊருக்குப் பேருந்து உண்டா இல்லையா என்பது முடிவாகும். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. சிற்றூர் மாணவியருக்கு அது பேருதவி. ஆயினும் கட்டணம் இல்லாத பேருந்தும் வந்தால்தான் ஏற முடியும். பேருந்து தவறினால் முதல் மணி வகுப்பு போகும். அது பலமுறை நிகழ்ந்தால் வருகைப்பதிவு குறையும். குறைந்தால் பருவத்தேர்வு எழுத முடியாமற் போகும். மூடிய வண்டியில் வந்தவரைப் போலவே, எந்த வண்டியில் வருகிறார் என்பதே இந்த மாணவியின் கல்வியையும் முடிவு செய்கிறது.

மாணவர்களின் நிலை வேறொரு வகையில் கடினமானது. விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டோ, மாலையில் கடையில் நின்றோ, விடுமுறை நாளில் சித்தாள் வேலைக்குச் சென்றோ படிப்பவர்கள் அரசுக் கல்லூரிகளில் மிகுதி. அவர்கள் வகுப்பில் கண் அயர்ந்தால் அதை அலட்சியம் என்று எண்ணிவிடுவது எளிது.

முதல் பருவத்தில் ஒருவர் கல்லூரியை விட்டு நிற்கும்போது யாரும் அவரைத் துரத்துவதில்லை. எதிர்ப்புக் குரலும் எழுவதில்லை. ஒருநாள் வராமல் இருக்கிறார், மறுவாரமும் வருவதில்லை, பெயர் பதிவேட்டில் சிறிது காலம் இருந்து பின்னர் நீங்குகிறது. அன்று முத்துலெட்சுமிக்கு எதிராகப் பேசியவர்களுக்கு மறுமொழி சொல்ல மன்னர் ஒருவர் இருந்தார். பேசாமல் நிகழும் இந்த விலகலுக்கு மறுமொழி சொல்ல யார் இருக்கிறார்?

ஆசிரியர் இருக்கிறார். பெயரைத் திருத்தமாகச் சொல்லி அழைக்கும் ஆசிரியர், இரண்டு நாள் காணாதபோது காரணம் கேட்கும் ஆசிரியர், ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் உண்டு. அவர்களுள் பலர் கௌரவ விரிவுரையாளர்களாக, நிலையான பணியின்றி உழைப்பவர்கள். மாணவருக்கு அந்த இடத்தில் இடமுண்டு என்று சொல்லும் அவர்களுக்கே அந்த இடம் உறுதியில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

இலக்கிய வட்டத்தின் கடமை

கல்லூரிக்கு வெளியே ஓர் இலக்கிய வட்டத்திற்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம்.

எந்தப் பாடத்தை முதன்மையாக எடுத்தவராயினும் பெரும்பாலான மாணவர்கள் தொடக்கப் பருவங்களில் பகுதி ஒன்றாகத் தமிழ் படிக்கிறார்கள். ஆங்கிலச் சொற்களின் நடுவே தத்தளிக்கும் இயற்பியல் மாணவியும் கணக்குப்பதிவியல் மாணவரும் தயக்கமின்றி வாய் திறக்கக்கூடிய வகுப்பு அது. அங்கே ஒரு கவிதையைப் பற்றித் துணிந்து ஒரு கருத்தைச் சொன்னவர், மறுநாள் ஆய்வுக்கூடத்தில் துணிந்து ஒரு கேள்வி கேட்பார். ஆகவே கவிஞர் எழுதும் வரி, கவிஞர் அறியாமலேயே, ஒரு மாணவரின் முதல் பருவத்தில் வேலை செய்கிறது.

கவிஞர் அறிந்தே செய்யக்கூடியவையும் உண்டு. விண்ணப்பக் காலத்தில் சிற்றூர்ப் பெற்றோர் கணினி மையங்களில் காத்து நிற்கிறார்கள். எந்தப் பாடத்தை முதல் விருப்பமாக எழுதுவது, எந்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்குவது என்று பொறுமையாகச் சொல்ல இருவர் அமர்ந்தால், அந்த வாரத்தில் சில பிள்ளைகளின் வாழ்க்கை திசை மாறும். அதற்குக் கவித்துவம் வேண்டியதில்லை, பொறுமை போதும். வகுப்பு தொடங்கிய முதல் ஆறு வாரங்களில் புதிய மாணவர்களை ஒரு கூட்டத்திற்கு அழைத்து, ஊரின் வரலாற்றைச் சொல்லி, நூலகத்தைக் காட்டி, அவர்கள் எழுதியிருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். முதல் கவிதையின் எழுத்துப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். முதல் கைத்தட்டலைப் பிறகு கொடுக்க இயலாது.

இறுதியாக, வட்டங்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் இலக்கியக் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சாகி, ஏழு மணிக்குத் தொடங்கி, இரவு ஒன்பதரைக்கு நன்றியுரையோடு முடிகின்றன. சிற்றூருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து அதற்கு முன்பே போய்விடும். 'அனைவரும் வருக' என்று அழைப்பிதழ் சொல்கிறது. நேரம் 'மாணவியர் வர வேண்டா' என்று சொல்லிவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த தடையன்று அது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரே பெண்ணைத் தனியே அமர வைத்தவர்களும் தம்மைக் கொடியவர்களாக எண்ணியிருக்க மாட்டார்கள்; வழக்கம் அது, அவ்வளவே என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

ஞாயிறு முற்பகலுக்கு ஒரு கூட்டத்தை மாற்றுவது பெரிய புரட்சியன்று. கூட்டம் முடிந்ததும் மதியப் பேருந்தில் ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் திரும்பக்கூடிய இளம் கவிஞர் மூவரோ நால்வரோ அதனால் அவையில் அமர்வார்கள். அவர்கள் அடுத்த கூட்டத்திற்கு வேறு இருவரை அழைத்து வருவார்கள். மன்னரின் ஆணை எட்டாத அந்த நிலத்தில், சேர்தல் இவ்வாறுதான் நிகழும்.

பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கூடி, வாசித்து, விவாதித்து வந்திருப்பது சிறிய செயலன்று. பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்தில் பின்வரிசையில் தயங்கி நிற்கும் முதலாண்டு மாணவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கப்படுமாயின், கடந்த பத்தாண்டு உழைப்பும் அதனால் மேலும் பொருள் பெறும். வட்டம் வாழ்க, அதன் வாயில் அகன்று வளர்க.